நான் பார்க்காத இரண்டு வேலைகள்

2025 ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். விடியற்காலையிலிருந்து மாமியாரோடு அண்டா பக்கத்தில் நின்று மக்காச்சோள மாவைக் கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வரித்துறையிலிருந்து குறுஞ்செய்தி. உங்கள் கணக்கு தானாக மதிப்பிடப்பட்டுவிட்டது, நீங்கள் கட்டவேண்டியது 25,916 ராண்ட் என்று இருந்தது.

என் சம்பளத்தைச் சொன்னால்தான் அந்தத் தொகையின் கனம் புரியும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். 2009இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன். ஒரு பாலர் பள்ளியில் வேலை, மாதம் 7,500 ராண்ட், வருஷத்துக்கு 90,000. அந்த வரி ஆண்டில், அதாவது 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை, 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 95,750 ராண்ட் வரை வரி கிடையாது. ஒரே முதலாளி, சம்பளம் வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்குள், வேறு வருமானம் இல்லை என்றால் கணக்குத் தாக்கல் செய்யவும் தேவையில்லை. அதனால் வரித்துறை என்றாலே எனக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். இந்த மாதிரி செய்திகளில் வருகிற இணைப்பைத் தொடக் கூடாது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு வரித்துறையின் ஈஃபைலிங் இணையதள முகவரியை நானே தட்டச்சு செய்து உள்ளே போனேன். செய்தி உண்மை. என் பெயரில் மூன்று சம்பளச் சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று பாலர் பள்ளியுடையது. இரண்டாவது ஜோகன்னஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு காவல் நிறுவனம், 118,400 ராண்ட். மூன்றாவது டர்பனில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு லேபர் புரோக்கர், 46,200 ராண்ட். இரண்டு பெயரையும் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். பிறகு சொன்னபோது மாமியார் கேட்ட முதல் கேள்வி, "எங்கேயாவது கையெழுத்துப் போட்டியாம்மா?" அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பதறிப்போய்க் கேட்டார். ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடையாள எண் திருடு போனவர்களுக்கு முதலில் வருவது கோபமில்லை, கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு இரண்டு நாளைக் கொடுத்திருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அண்ணா முப்பது வருஷம் ஒரு துணி ஆலையில் சம்பளப் பட்டியல் போட்டவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர்தான் காகிதத்தை எடுத்துக் கணக்கை எனக்குப் புரியவைத்தார். மூன்றையும் கூட்டினால் 254,600. முதல் 237,100க்கு 18 விழுக்காடு, அது 42,678. மிச்சம் 17,500க்கு 26 விழுக்காடு, 4,550. மொத்தம் 47,228. இதில் எல்லாருக்கும் உள்ள கழிவு 17,235ஐ எடுத்தால் 29,993. காவல் நிறுவனம் சம்பளத்திலேயே பிடித்துக் கட்டியது 4,077. பாக்கி 25,916. "கணினி தப்பாகக் கூட்டவில்லை தங்கச்சி, கூட்டக் கூடாததைக் கூட்டியிருக்கிறது" என்றார்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. புரோக்கர் கொடுத்த சம்பளம் வரம்புக்குள், எனவே ஒரு சென்ட்டும் பிடிக்கவில்லை. காவல் நிறுவனம் முழுக் கழிவையும் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வரி பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முதலாளியும் தான் ஒருவனே முதலாளி என்று நினைத்துக் கணக்குப் போடுவான். மூன்றும் ஒரே எண்ணின் கீழ் வந்து விழும்போது கழிவு ஒருமுறைதான் கிடைக்கும், வரி விகிதம் மட்டும் மேலே ஏறும். அந்நியரின் சின்னச் சம்பளம்கூட உங்கள் தலையில் பெரிய கடனாக வந்து நிற்பது இப்படித்தான்.

அடுத்து அண்ணா செய்யச் சொன்னது, சான்றிதழை வரி வரியாகப் படிப்பது. இங்கே அதை ஐஆர்பி 5 என்பார்கள். அதில் 3601 என்ற குறியீட்டுக்கு எதிரே சம்பளம், 4102க்கு எதிரே பிடித்த வரி. முதலாளியின் வரிப்பதிவு எண் 7இல் தொடங்கும். வேலை செய்த காலம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். நிறுவனத்தின் பெயர் தெரியாததாலேயே வேலை நம்முடையதில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கடைப் பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் இருப்பது இங்கே சாதாரணம். நாம் உண்மையாகவே வேலை பார்த்த இடம் வேறு பெயரில் வந்து நிற்கலாம். தேதிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கே முழு நிச்சயம் வந்தது. முந்தைய வருஷங்களையும் திறந்து பார்த்தேன். அவை சுத்தமாக இருந்தன. இதை யாரும் தவறவிடக் கூடாது. இரண்டு முதலாளிகள் இருந்தும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று பழைய வருஷத்துக்கு மாதாமாதம் அபராதம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

காவல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, "தட்டச்சுப் பிழையாக இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். அண்ணா அதை ஒத்துக்கொள்ளவில்லை. நம் அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு, பெண்ணென்றால் 5000க்குக் கீழே, ஆணென்றால் 5000 அல்லது அதற்கு மேல். பதினொன்றாவது இலக்கம் குடிமக்களுக்கு 0, என்னைப் போல நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு 1. கடைசி இலக்கம் முன்னாலுள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஒரே ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் கடைசி இலக்கம் ஒத்துவராது. அப்படியானால் இது விரல் தவறி விழுந்த எண் அல்ல. ஏதோ ஒரு தாளைப் பார்த்து முழுசாக எழுதிய எண். இந்த ஒரு விவரத்தைப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் சேர்த்தேன். அதற்கப்புறம் யாரும் தட்டச்சுப் பிழை என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். புரோக்கரின் சான்றிதழில் என் முதலெழுத்தோடு கோவெண்டர் என்ற குடும்பப் பெயர் சரியாக இருந்தது. இந்த ஊரில் அது ஒரு அடையாளமே இல்லை. நாயுடு, பிள்ளை, முதலி, செட்டி, படையாச்சி எல்லாம் இங்கே குடும்பப் பெயராக நின்றுவிட்டவை. எங்கள் தெருவிலேயே கோவெண்டர்கள் ஏழு வீடு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து 152,184 பேரைக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் விட்டபோது, ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். மாமியாரிடம் அவருடைய பாட்டனாரின் கப்பல் பட்டியல் நகல் இருக்கிறது. அதில் பெயர் ஒரு மாதிரி, தகப்பன் பெயர் ஒரு மாதிரி, கிராமத்தின் பெயர் அடையாளமே தெரியாதபடி எழுதியிருக்கும். எண் மட்டும்தான் தெளிவு. அந்த எண்ணை வைத்துத்தான் இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் ஆவணக் காப்பகத்தில் போய்த் தேடுகிறார்கள். பெயர் குழம்பினாலும் எண் காப்பாற்றும் என்று வளர்ந்த குடும்பம் இது. எண்ணே குழம்பினால் எதைப் பிடித்துக்கொள்வது என்று மாமியார் அன்று கேட்டது என் மனதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை காவல் நிலையத்துக்குப் போய் அஃபிடவிட் எழுதினேன். அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை. அடையாள எண் திருட்டு என்று புகார் கொடுத்து வழக்கு எண்ணும் வாங்கிக்கொண்டேன். இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஆத்திரத்தில், "இந்த இரண்டு நிறுவனங்களோடும் எனக்கு எந்தக் காலத்திலும் எந்தத் தொடர்பும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது உண்மையில்லை என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. 2019இல் பிரொஸ்பெக்டனில் ஒரு கிடங்குக்குப் பொட்டலம் கட்டும் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். கூப்பிடவே இல்லை, நானும் மறந்துவிட்டேன். அந்த விண்ணப்பத்தை வாங்கியது இதே புரோக்கர், அன்றைக்கு வேறு பெயரில் இருந்தவர். சத்தியப் பிரமாணத்தில் ஒரு வரி பொய்யானால் மிச்ச வரிகளையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். திரும்பப் போய்ப் புதிதாக எழுதினேன்: இந்த நிறுவனங்களில் நான் வேலை செய்ததில்லை, அவர்களிடமிருந்து சம்பளம் வாங்கியதில்லை, என் எண்ணைப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை. நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான், அவ்வளவே போதும்.

இந்த நாட்டு வரிச் சட்டத்தில், ஒரு தொகைக்கு வரி கிடையாது என்று நிரூபிக்கிற பொறுப்பு வரி கட்டுகிறவர் மேல்தான் இருக்கிறது. நான் வேலை செய்யவில்லை என்பதற்கு எங்கிருந்து ரசீது கொண்டுவருவேன்? பல ராத்திரி தூக்கம் கெட்ட கேள்வி இது. கடைசியில் வழி கிடைத்தது. அங்கே இல்லை என்று காட்ட முடியாது. இங்கே இருந்தேன் என்று காட்டலாம். பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை, வாரத்தில் ஐந்து நாள் காலை ஏழரை முதல் மதியம் இரண்டரை வரை நான் அங்கே இருந்தேன் என்று கடிதம் கொடுத்தார், வருகைப் பதிவேட்டின் நகலோடு. சனிக்கிழமை கோயில் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தப் பதிவேடும் கிடைத்தது. என் ஒரே வங்கிக் கணக்கின் பன்னிரண்டு மாத அறிக்கையை எடுத்தேன். வந்த பணம் மாதம் ஒருமுறை பள்ளியிலிருந்து, வேறொன்றும் இல்லை. புரோக்கர் சொன்ன வேலை பகல் வேலை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

காவல் நிறுவனத்தின் வேலை ராத்திரிக் காவல். அங்கே இந்தப் பகல் பதிவேடுகள் உதவாது. வேறு வழி பார்த்தோம். இந்த நாட்டில் காவல் வேலை பார்க்கிறவர் எவரும் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்காணையத்தில், சிரா என்பார்களே அதில், பதிவு செய்திருக்க வேண்டும். என் எண்ணில் அப்படி ஒரு பதிவே இல்லை. அதோடு, அந்த எண்ணே பெண்ணுடையது என்று சொல்கிறது, அவர்கள் இடத்தில் வேலை பார்த்ததோ ஒரு ஆண். நான்கு மின்னஞ்சலுக்கு உருப்படியான பதிலில்லை. ஐந்தாவதில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டேன். 2013இல் இயற்றி 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் உள்ள சட்டம் அது. இங்கே போப்பியா என்றால் எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். என்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையும், தவறானதைத் திருத்தவோ அழிக்கவோ கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. அதுவரை "மற்ற ஊழியரின் விவரத்தைத் தர முடியாது" என்று அதே சட்டத்தைக் காட்டித்தான் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு யாருடைய விவரமும் வேண்டாம், என் எண்ணைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள் என்று எழுதினேன். பதினோரு நாளில் பதில் வந்தது.

வரி அலுவலகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. எனக்கு ஆகஸ்ட் 12 கிடைத்தது. அஃபிடவிட், வழக்கு எண், மூன்று சான்றிதழ்கள், கடிதங்கள், வங்கி அறிக்கை எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு, முன்னால் ஒரே பக்கத்தில் தேதிவாரியாகச் சுருக்கம் எழுதிக் கொண்டுபோனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அந்த ஒரு பக்கத்தைத்தான் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "முதலில் வசூலை நிறுத்தக் கேளுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தகராறு நடக்கிறது என்பதற்காக வரிக் கடன் தானாக நிற்காது. முதலில் கட்டு, பிறகு வாதாடு என்பதுதான் இங்கே விதி. கட்டுவதை ஒத்திவைக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வரி நிர்வாகச் சட்டத்தின் 164ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அன்றே விண்ணப்பித்தேன்.

தானியங்கி மதிப்பீடு சரியில்லை என்றால் நாமே கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். 2025இல் அதற்குக் கடைசி நாள் அக்டோபர் 20. அது தீபாவளியன்றே வந்தது. சிக்கல் என்னவென்றால், முதலாளி அனுப்பிய சான்றிதழ் நம் படிவத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதை நாம் அழிக்க முடியவில்லை. முதலாளி ரத்து செய்து புதிதாக அனுப்பினால்தான் போகும். "அப்படியே அனுப்பிவிடு, பிறகு ஆட்சேபம் போட்டுக்கொள்ளலாம்" என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் வாங்காத சம்பளத்தை வாங்கினேன் என்று நானே அறிவிப்பதாகிவிடும். அக்டோபர் 9ஆம் தேதி மறுபடியும் நேரம் வாங்கிப் போனேன். புரோக்கரின் சான்றிதழ் செப்டம்பரிலேயே ரத்தாகிவிட்டது. காவல் நிறுவனத்துடையது மட்டும் நின்றது. அதை ஏற்கவில்லை என்று குறிப்பிட்டு, பாலர் பள்ளிச் சம்பளத்தை மட்டும் வைத்து அலுவலகத்திலேயே தாக்கல் செய்ய உதவினார்கள். பிறகு சரிபார்ப்புக் கடிதம் வந்தது. ஆவணங்களை 21 வேலை நாளுக்குள் பதிவேற்றச் சொன்னது. எல்லாம் முன்பே தயாராக இருந்ததால் அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தேவைப்படாமல் போன இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாக்கல் செய்த கணக்கையும் ஏற்காமல் மதிப்பீடு வந்தால் முறையான ஆட்சேபம் போட 80 வேலை நாள் இருக்கிறது. துறையின் சொந்தப் புகார்ப் பிரிவிலும் தீர்வு இல்லையென்றால் வரிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2013 முதல் அந்த அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. புகார்ப் பிரிவைத் தாண்டிக்கொண்டு நேரே அங்கே போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தெரியாத முதலாளி பிடித்துக் கட்டிய வரி உங்கள் கணக்கில் சேர்ந்து, பணம் திரும்ப வருவதாகக் காட்டினால், வந்தவரை லாபம் என்று இருந்துவிடாதீர்கள். அது வேறொருவர் வியர்வை. நீங்கள் வாங்கிக்கொண்டால் அந்த வேலை உங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். எங்கள் அடுத்த தெருப் பையன் ஒருவன் வேலையில்லாமல் மாதம் 370 ராண்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். பதிவில் வேலை இருப்பதாகக் காட்டுகிறது என்று தள்ளிவிட்டார்கள். பதிவில் நிற்கும் பொய்க்கு அவன் வீட்டில் அடுப்பு எரியாத நாள் கணக்கு யாரிடமும் இல்லை.

காவல் நிறுவனத்துக்கு என் எண் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. 2021இல் தவணையில் கட்டில் வாங்கியபோது ஒரு நகல் கொடுத்தேன். போன் ஒப்பந்தத்துக்கு ஒன்று, வேலை தேடிய நாட்களில் எத்தனையோ. இப்போது எங்கே நகல் கொடுத்தாலும், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எண்ணுக்குக் குறுக்கே பேனாவால் எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஊரில் அப்பா இப்படித்தான் ரேஷன் கார்டு நகலில் எழுதுவார். மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவும் செய்துகொண்டேன். வருஷத்துக்கொருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பார்க்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதையும் எடுத்துப் பார்த்தேன். என் பெயரில் கடன் எதுவும் வாங்கப்படவில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி திருத்திய மதிப்பீடு வந்தது. கட்டவேண்டியது பூஜ்யம். மாமியார் சூடம் ஏற்றினார்.

அதற்கு முன்பே, செப்டம்பரில், புரோக்கர் அலுவலகத்துக் கணக்குப் பெண் என்னை அழைத்திருந்தாள். என் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் கொண்ட இன்னொரு பெண் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பழைய கோப்பில் பெயரைத் தேடி, 2019இல் நான் கொடுத்த எண்ணை எடுத்து அவள் பெயருக்கு நேரே ஒட்டிவிட்டார்கள். அவள் பிரசவ விடுப்பில் போய் யு.ஐ.எஃப் என்கிற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் உதவிப்பணம் கேட்டபோது, உன் எண்ணில் பணமே கட்டப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்த ஒரு விழுக்காடு என் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு நாலு மாதம் ஆகிவிட்டதாம். "உங்கள் கடிதம் வராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது அக்கா" என்றாள். நான் இழந்ததாக நினைத்து அழுத நாட்களில் உண்மையில் இழந்துகொண்டிருந்தது அவள். பதிவு அவள் எண்ணுக்கு மாறியதும் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ராத்திரிக் காவல் பார்த்த மனிதர், நிறுவனம் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவர் கட்டிய 4,077 ராண்டும் யு.ஐ.எஃப் பணமும் இனி எந்தப் பெயரில் போய்ச் சேருமோ. வரிப் பதிவு திருந்தினாலும் தொழிலாளர் துறையின் யு.ஐ.எஃப் பதிவில் அந்தக் காவல் வேலை இன்னும் என் பெயரில்தான் நிற்கிறது. இரண்டும் வேறு வேறு கோப்புகள், ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்துவதில்லை. அதே ஆவணக் கட்டை எடுத்துக்கொண்டு, புதிய மதிப்பீட்டையும் மேலே வைத்து, வரும் செவ்வாய்க்கிழமை அங்கே போகிறேன்.